கிளைக் கயிற்றில் ஒரு பாரம்

மரத்தில் யாரும் ஏறியிருக்கவில்லை. ஏற வேண்டிய ஒரே ஆளான அவள் தம்பி, வண்டியின் பின்பலகையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, செயின்சாவின் பற்களை ஒவ்வொன்றாக அரத்தால் தீட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கீச்சுச் சத்தம் அவள் முதுகுக்குப் பின்னால் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் தலைக்கு மேலே, இலைகளின் அடர்த்திக்குள்ளிருந்து, "கீழே?" என்று ஒரு குரல் வந்தபோது, பையிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "காலி!" என்று பதில் சொல்லிவிட்டாள்.

பதினோரு வருஷமாகத் தொண்டையில் ஊறிப்போன பதில். மேலே இருப்பவன் கிளையில் ரம்பத்தை வைக்கும் முன் "கீழே?" என்று கேட்பான். கீழே இருப்பவள் சுற்றிலும் பார்த்து, மனுஷர், நாய், வீட்டுக்காரரின் பூத்தொட்டி எதுவும் வழியில் இல்லை என்றால் "காலி" என்பாள். மேலே இருப்பவன் "வருது" என்பான். அப்புறம்தான் வெட்டு. இந்த மூன்று வார்த்தைகள் இல்லாமல் அவர்கள் தொழிலில் ஒரு சுள்ளிகூட விழுந்ததில்லை. தும்மும்போது கண் மூடிக்கொள்வதுபோல, அந்தக் கேள்விக்கு அவள் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

அரம் நின்றது.

"யாருக்குக்கா பதில் சொல்ற?"

"நீதானே கேட்ட?"

"நானா? நான் இங்க பல்லு தீட்டிட்டு இருக்கேன்." அவன் சிரித்தான். "சரிதான். என் பொண்டாட்டி என்னைப் பார்த்துதான் காது போச்சுன்னு சொல்றா. குடும்பத்துல எல்லாருக்கும் போச்சு போல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தூங்குமூஞ்சி மரம். ஒரு வீட்டின் ஓட்டுக்கூரை முழுவதையும் மூடி, அடுத்த வீட்டு மாடித் துணிக்கொடிவரை கையை நீட்டிக்கொண்டு நிற்கும் பெரிய மரம். வெயில் இருக்கிறவரை அதன் சிறிய இலைகள் கூரையாகப் பரந்து கிடக்கும். சூரியன் சாய்ந்தால், அல்லது மழை மூட்டம் போட்டால், ஒவ்வொரு இலையும் பாதியாக மடிந்து தூங்கப் போய்விடும். இப்போது மத்தியானம். கீழே நின்று பார்த்தால், கிளை பிரியும் இரண்டாவது கவைக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பச்சை. ஈரப் பட்டையின் வாசனை, வண்டியிலிருந்து பெட்ரோல் வாசனை, அதற்கெல்லாம் அடியில் வாயை ரொம்ப நேரம் மூடி வைத்திருந்து திறந்ததுபோல ஒரு புளித்த வாசனை.

அவளைப் பற்றித் தெரு என்ன பேசுகிறது என்பது அவளுக்கே மனப்பாடம். ஆம்பளை வேலைக்குப் போகிறாள் என்பது முதல் வருஷப் பேச்சு. தம்பியை மரத்தில் ஏற்றிவிட்டு இவள் கீழே ஜாலியாக நிற்கிறாள் என்பது மூன்றாம் வருஷப் பேச்சு. பிறகு பேச்சு அலுத்துப்போய் 'கயிறக்கா' என்று பேர் வைத்துவிட்டார்கள். தம்பிக்கு 'மொட்டை.' ஹெல்மெட் போட்டுப் போட்டுத்தான் முடி போனது என்பது அவன் கட்சி. கல்யாண போட்டோவிலேயே நெற்றி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை என்பது அவன் மனைவியின் கட்சி. ஒரு வண்டி, அதன் பின்னால் இழுத்துப் போகும் கிளை அரைக்கும் மிஷின், இரண்டு பேர். அவ்வளவுதான் கம்பெனி. ஹெல்மெட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் ரேடியோ வாங்குவது என்று மூன்று வருஷமாகத் தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த மரத்துக்குப் போன வாரம் ஐந்து பேர் கொண்ட பெரிய கம்பெனி ஒன்று வந்து, பாதியில் விட்டுவிட்டுப் போயிருந்தது. காலையில் வந்தபோது, இலைகள் முழுதாக விரியும் முன், உச்சிக் கவையில் அவர்களுடைய கப்பிகூட அப்படியே தொங்கியதைப் பார்த்திருந்தாள். நல்ல கப்பி. அதையெல்லாம் மரத்தில் விட்டுப்போகிற ஆட்களை அவள் பார்த்ததில்லை.

"ஏன் போனாங்க?" என்று வீட்டுக்காரம்மாவிடம் காலையிலேயே கேட்டிருந்தாள்.

"யாருக்குத் தெரியும்? வரும்போது அவ்வளவு கலகலன்னு வந்தாங்க. சாயங்காலம் வண்டியில ஏறும்போது ஒருத்தர்கூட வாயத் திறக்கல. நான் கேட்டுக்கிட்டே பின்னால ஓடுறேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறாங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன குறைஞ்சுபோவாங்க? மரியாதை தெரியாத ஜென்மங்க." வீட்டுக்காரம்மா குரலைத் தாழ்த்தினாள். "நீங்க ரெண்டே பேரா?"

"ரெண்டே பேர்தான்."

"முடியுமா?"

அந்த 'முடியுமா'தான் அவளுக்கு ஆகாது. அதைக் கேட்டால் அவள் காது சூடாகும், முதுகு நேராகும். ஐந்து பேர் விட்டுப்போன மரம் என்று தெரிந்த அந்த நிமிஷமே இதை முடிக்காமல் வண்டியைத் திருப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். ஆகவே, யாரும் ஏறாத மரத்திலிருந்து வந்த குரலைப் பற்றி அவள் மேற்கொண்டு பேசவில்லை. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற மனிதர் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கத்தியிருப்பார் என்று வைத்துக்கொண்டாள். அவர் சூடான காபியை ஊதிக்கொண்டிருந்தார் என்பதையும் பார்த்தாள். பார்க்காததுபோல் இருந்துவிட்டாள்.

வேலை அதன் ஒழுங்கில் தொடங்கியது. கயிறுகள் இரண்டு வகை. ஆரஞ்சு நிறத்தில் ஆள் கயிறு. அதில் மனுஷன் மட்டும்தான் தொங்குவான். நீலத்தில், அதைவிடத் தடிமனாய், கிளைக் கயிறு. அதில் மரம் மட்டும்தான் இறங்கும். ஒன்றின் வேலையை இன்னொன்றுக்குக் கொடுப்பதில்லை. ஒரே பையில்கூடப் போடுவதில்லை. வெட்டிய கிளை கூரையில் விழுந்துவிடாமல், மேலே கப்பி வழியாக ஓடிவரும் நீலக் கயிற்றை அடிமரத்தில் கட்டிய இரும்பு உருளையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அவள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்குவாள். கிளை தரை தொட்டதும் அவிழ்ப்பாள். தம்பி மேலிருந்து கயிற்று நுனியை இழுத்துக்கொள்வான். அடுத்த கிளை.

அவள் கைகளுக்கு எடை தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. உருளையில் எத்தனை சுற்று, உள்ளங்கையில் எவ்வளவு இழுப்பு என்பதை வைத்து, கிளை கண்ணில் படும் முன்பே "நாற்பது", "அறுபத்தைந்து" என்று சொல்லிவிடுவாள். தம்பியின் எடையும் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் ஒத்திகை பார்ப்பார்கள்: அவன் மயங்கிவிட்டவன்போலத் தொங்குவான், இவள் இறக்குவாள். இடுப்பு வார், ரம்பம், பூட்ஸ் எல்லாம் சேர்த்து எண்பத்திரண்டு கிலோ. அதற்கு முந்தின வருஷம் எழுபத்தெட்டுதான் இருந்தது. "உன் பொண்டாட்டி சமையல் நல்லாயிடுச்சு போல," என்று கேட்டதற்கு, "மயங்கின ஆளக் கிண்டல் பண்ணாத," என்று தொங்கியபடியே கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்.

மூன்று மணிவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. மேலே ரம்பம் இரையும், நிற்கும், கேள்வி வரும், இவள் பதில் சொல்வாள். நடுநடுவே அவன் தெருவைப் பற்றி நேரடி ஒலிபரப்பு செய்தான். "அக்கா, மூணாவது வீட்டு மாடியில ஒருத்தர் யோகாங்கிற பேர்ல தூங்குறார்." "அக்கா, எதிர்வீட்டுக்காரர் மூணாவது காபி. கணக்கு வெச்சுக்க." உயரத்தில் ஏறினால் அவனுக்கு வாய் நிற்காது. பயத்தை அவன் அப்படித்தான் விரட்டுவான் என்று அவளுக்குத் தெரியும். அவளிடம் அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

மூன்றரைக்கு மேல்தான் அவள் கவனித்தாள். ஒலிபரப்பு நின்றிருந்தது.

"கீழே?"

"காலி."

"வருது."

அவ்வளவுதான். ரம்பம் இரைந்தது. அதுவும் ஒழுங்காகத்தான் இரைந்தது, ஆனால் கேள்வி வந்தது மரத்தின் இடது கைப் பக்கத்திலிருந்து. ரம்பச் சத்தம் வலது பக்கத்தில். மனுஷன் ஒரு நொடியில் அவ்வளவு தூரம் தாண்டமாட்டான். அவள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாள். பச்சை. மரத்தூள் மட்டும் மெல்ல, மாவு சலிப்பதுபோல, இறங்கிக் கண்ணில் விழுந்தது.

"டேய், இடம் மாறினா சொல்லிட்டு மாறு."

கண்ணில் விழுந்த தூளைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"எதிர்வீட்டுக்காரர் எத்தனையாவது காபி?"

மேலிருந்து அவன் குரல் வந்தது. "மூணாவது காபி. கணக்கு வெச்சுக்க."

அவன் குரல்தான். அதே இழுப்பு, அதே சிரிப்பின் ஓரம். அவள் திரும்பி எதிர்வீட்டைப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது. அந்த மனிதர் எப்போதோ எழுந்து உள்ளே போயிருந்தார்.

மேகம் கூடிக்கொண்டு வந்தது. வெளிச்சம் அழுக்குத் தண்ணீர்போல் மங்கியது. மரத்தின் வெளி ஓரத்து இலைகள் ஒன்றிரண்டு மடியத் தொடங்கின.

அடுத்த கிளை இறங்கியது. முப்பத்தைந்து கிலோ, சரியாக இருந்தது. அவிழ்த்தாள். நீலக் கயிற்றின் நுனி துள்ளித் துள்ளி மேலே ஏறி இலைக்குள் மறைந்தது. அவள் கிளையை இழுத்துக்கொண்டு போய் மிஷின் பக்கத்தில் போட்டுவிட்டு வந்து உருளையைப் பிடித்தாள். காத்திருந்தாள். ரம்பம் ஓடவில்லை. கேள்வி வரவில்லை. ஆள் கயிற்றின் வால், அந்த ஆரஞ்சு நிற மிச்சம், அடிமரத்தை ஒட்டித் தரைவரை தொங்கியது. மேலே இருப்பவன் கால் மாற்றி வைத்தால்கூட அது நடுங்கும். மூச்சு வாங்கினாலே ஆடும்.

அது அசையாமல் தொங்கியது.

எவ்வளவு நேரமாக அப்படித் தொங்குகிறது? அவளுக்கு நினைவில்லை. கீழே நிற்கிறவள் பார்க்க வேண்டிய முதல் விஷயமே அந்த வால்தான்.

போனை எடுத்து அவன் எண்ணை அழுத்தினாள். வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே எங்கோ அது அதிர்ந்தது. ரம்பம் பிடிக்கும்போது போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் போட்டவள் அவளேதான்.

"டேய்!"

அப்போது நீலக் கயிற்றில் பாரம் வந்தது.

வெட்டின கிளையின் பாரம் ஒரு உதறலோடு வரும். உருளை 'டக்' என்று கத்தும். இது அப்படி வரவில்லை. யாரோ தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல, மெதுவாக, ஒவ்வொரு கிலோவாகக் கயிற்றில் இறங்கியது. பத்து. இருபத்தைந்து. ஐம்பது. அவள் கை தானாக இறுகியது. எழுபது. நின்றது.

எண்பத்திரண்டு.

"கீழே?" என்றது மேலே இருந்த குரல்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். நாக்கு மேலண்ணத்தில் முட்டியது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று தொண்டை அரித்தது.

"கீழே?"

கயிறு அவள் உள்ளங்கையில் மிக லேசாக விம்மியது. தளர்ந்தது. விம்மியது. தளர்ந்தது. ஒத்திகையில் அவன் தொங்கும்போது இதே துடிப்பை அவள் எத்தனையோ தடவை பிடித்திருக்கிறாள். கிளைகள் மூச்சு விடுவதில்லை.

"அக்கா," என்றது குரல், அவ்வளவு பாசமாக. "சும்மா இலைக்கொத்துதான். விட்டுரு."

அந்த வாக்கியத்தை அவன் இன்றைக்குச் சொல்லியிருக்கவில்லை. அவளுக்கு அது உறைத்த விதமே வேறு. இதுவரை அது அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது சொந்தமாகப் பேசுகிறது.

கூரைக்கு மேல் பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் தம்பி கிளைக் கயிற்றில் தொங்குகிறான். அவள் உருளையைத் தளர்த்தி விட்டால் அவன் ஓட்டில் விழுந்து, அங்கிருந்து சிமெண்ட் தரையில் விழுவான். அவள் ஏறிப்போய்ப் பார்க்கலாம். மாற்று இடுப்பு வார் பெட்டியில் இருக்கிறது. ஆனால் ஏறினால் கயிற்றைக் கட்டிவிட்டுப் போக வேண்டும். கட்டிவிட்டுப் போனால் கீழே ஆள் கிடையாது. அதுதான் அதற்கு வேண்டும் என்று ஏனோ அவளுக்குப் பட்டது.

"இன்னும் முடியலையா?" வீட்டுக்காரம்மா படியில் வந்து நின்றாள். "மழை வருது பாருங்க. உங்க தம்பி அப்பவே கூப்பிட்டாரே, 'விடு விடு'ன்னு. நீங்க ஏன் பிடிச்சுக்கிட்டே நிக்கிறீங்க?"

"அது என் தம்பி இல்லம்மா."

"அய்ய. குரல் தெரியாதா எனக்கு? காலையிலேருந்து கேட்கிறேன்."

"உள்ள போங்க."

"என்னது?"

"உள்ள போய்க் கதவச் சாத்துங்க!"

வீட்டுக்காரம்மாவின் முகம் கோணியது. இதையும் நாளைக்குத் தெரு பேசும். பேசட்டும். அவள் உருளையில் இன்னொரு சுற்று போட்டுக்கொண்டு, கால்களை அகட்டி வைத்து, கைப்பிடி கைப்பிடியாக இறக்க ஆரம்பித்தாள்.

"விடுக்கா."

"விட மாட்டேன்டா."

"கை வலிக்கும்க்கா."

"என் கை. எனக்குத் தெரியும் எப்ப வலிக்கும்னு. நீ யாரு? ம்? என் தம்பி குரலத் திருடிக்கிட்டு எனக்கே ஆர்டர் போடுறியா? பதினோரு வருஷம் இந்தக் கயிறப் பிடிச்சிருக்கேன். அஞ்சு பேர விரட்டியிருக்கலாம் நீ. என்னை விரட்ட முடியாது. கேக்குதா? இறங்கி வா, உன்னையும் சேர்த்து அந்த மிஷின்ல அரைச்சு மூட்டையில கட்டுறேன்!"

மரம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் திட்டத் திட்ட அது இன்னும் கவனமாகக் கேட்பதுபோல், இலைகள் அசையாமல் நின்றன. அவளுக்கோ பேசினால் பயம் குறைந்தது. ஆகவே பேசினாள். கயிற்றை விட்டாள், பேசினாள். தெருவில் ஒருவரும் கேட்டிராத வார்த்தைகளெல்லாம் வந்தன. எங்கேதான் வைத்திருந்தாளோ. நடுநடுவே தொண்டை காய்ந்தது. குரல் கொஞ்சம் கம்மியது. கத்தினால் கம்மத்தான் செய்யும் என்று நினைத்தாள்.

முதலில் பூட்ஸ் தெரிந்தது. பிறகு கால்கள், தொய்ந்த கைகள். கயிறு அவன் அக்குள்களுக்கு அடியில் சுற்றியிருந்தது. அவர்கள் போடும் முடிச்சு இல்லை அது. எந்த முடிச்சும் இல்லை. கயிறு கயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஹெல்மெட் இல்லை, இடுப்பு வாரில் ஆரஞ்சுக் கயிறும் இல்லை. ரம்பம் இடுப்பில் அணைந்து தொங்கியது. கூரை விளிம்பைத் தாண்டும்போது அவள் காலால் அடிமரத்தை உதைத்துக்கொண்டு, கயிற்றை ஒரு பக்கமாக வளைத்து இழுத்து, ஒரு ஓடுகூட அவன் முழங்காலில் இடிக்காமல் இறக்கினாள். புல்லில் படுக்க வைத்ததுபோல் வந்து படுத்தான்.

உயிர் இருந்தது. கண் திறந்தே இருந்தது. மார்பு ஏறி இறங்கியது. அவள் மண்டியிட்டு அவன் முகத்தைப் பிடித்தாள்.

"டேய். டேய், மொட்டை. என்னைப் பாரு. எங்க அடிபட்டுச்சு? வாயத் திற. பேசு."

அவன் வாயைத் திறந்தான். உதடுகள் 'அக்கா' என்று அசைந்தன. நாக்கு அசைந்தது. தொண்டைக் குமிழ் ஏறி இறங்கியது.

சத்தம் இல்லை.

காற்றின் சத்தம்கூட வரவில்லை. அவன் இன்னும் பெரிதாக வாயைத் திறந்தான். கழுத்து நரம்பெல்லாம் புடைக்கக் கத்தினான். ஒன்றுமில்லை. பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் உதடுகளைப் பார்த்தான். பயந்துபோய், கையைத் தூக்கி, அவள் வாயை இறுகப் பொத்தினான்.

தலையை ஆட்டினான். வேண்டாம். வேண்டாம். பேசாதே.

மேலே இருந்து ஒரு குரல் வந்தது.

"விட மாட்டேன்டா."

ஒரு பெண் குரல். கொஞ்சம் கம்மி. திமிர் பிடித்த குரல்.

அவள் அந்தக் குரலை வெளியிலிருந்து கேட்டதே இல்லை. ஆனால் தெரிந்தது. யாருக்குத்தான் தெரியாது.

அவன் கையை விலக்கிவிட்டு அவள் எழுந்தாள். ஏய் என்று கத்த வாயைத் திறந்தாள். தொண்டை வேலை செய்தது. மார்பு அதிர்ந்தது. காதில் எதுவும் விழவில்லை. மறுபடி. மறுபடி. மீன்போல.

அழவில்லை. அழுதாலும் யாருக்குக் கேட்கப்போகிறது. அவள் தம்பியின் அக்குளில் கை கொடுத்து, அவன் மேலிருந்த நீலக் கயிற்றைத் தள்ளினாள். அது தானாகவே வழுக்கிக்கொண்டு கழன்றது. கழன்ற நுனி புல்லில் ஒரு நொடி கிடந்தது. அப்புறம் மேலே ஏறத் தொடங்கியது. ஒரு கை நீளம். நிறுத்தம். ஒரு கை நீளம். நிறுத்தம். அவன் எப்படி இழுப்பானோ அப்படி. அவனை அவள் வண்டிவரை இழுத்துப்போய்ச் சக்கரத்தில் சாய்த்தாள்.

மரம் இப்போது தூங்கப் போயிருந்தது. மூட்டம் முழுதும் கவிந்து, உச்சிவரை இலைகள் மடிந்துவிட்டன. பகலெல்லாம் மறைத்துவைத்த உட்புறம் முழுவதும் திறந்துகிடந்தது. ஒவ்வொரு கவையும் தெரிந்தது. அவன் வெட்டிய மஞ்சள் காயங்கள் தெரிந்தன. அந்தக் கப்பி. அவனுடைய ஹெல்மெட், ஒரு கிளைமுனையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

ஆள் யாரும் இல்லை.

"அம்மா!" என்றது தம்பியின் குரல், உச்சியிலிருந்து, உற்சாகமாக. "வேலை முடிஞ்சுது."

"ரெண்டு பேரும் இறங்குறோம்," என்றது அவளுடைய குரல்.

வீட்டுக் கதவு திறந்தது. வீட்டுக்காரம்மா படியில் நின்று, தலையை அண்ணாந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "அப்பாடா! கோபமெல்லாம் போச்சா? வாங்க, வாங்க. டீ போட்டு வெச்சிருக்கேன்," என்றாள்.

அவள் வீட்டுக்காரம்மாவின் முன்னால் ஓடி நின்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். மரத்தைக் காட்டினாள். வாயைக் காட்டினாள். வீட்டுக்காரம்மாவின் பார்வை ஒரு நொடி அவள்மேல் விழுந்து, அங்கே நிற்பது யார் என்று புரியாததுபோல் தடுமாறி, குரல் வந்த பக்கமே மறுபடி போய்விட்டது.

ஆரஞ்சுக் கயிறு விறைத்தது.

நீலக் கயிறு விறைத்தது.

சரி.

அவள் வண்டிக்குப் போனாள். அடிமரம் அறுக்கும் பெரிய செயின்சாவை எடுத்தாள். ஹெல்மெட்டைப் போட்டு வாரை மாட்டினாள். முகமூடியை இறக்கினாள். எவ்வளவு அவசரமானாலும் அதெல்லாம் ஒழுங்கோடுதான். ஒரு காலால் மிதித்துக்கொண்டு இழுத்தாள். கிளம்பவில்லை. இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் அது அலறியது, தெரு முழுக்கக் கேட்கும்படி, அவளால் இனி முடியாத அளவுக்கு. சக்கரத்தில் சாய்ந்திருந்தவன் எழுந்தான். தடுமாறினான். தன் சிறிய ரம்பத்தை இடுப்பிலிருந்து அவிழ்த்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

வீட்டுக்காரம்மா என்னவோ சொன்னாள். கேட்கவில்லை.

வெறும் கிளைகளுக்கு நடுவே இரண்டு கயிறுகளும் கம்பிபோல் நின்றன. இரண்டிலும் பாரம். எவ்வளவு என்று அவள் கைகளுக்குத் தொடாமலே தெரிந்தது. கயிறுகளின் கீழ்முனைகள் நடுங்கின. நின்றன. நடுங்கின. பழகிய கால்கள், பட்டையில் ஒவ்வொரு அடியாக ஊன்றி, அவசரமில்லாமல் இறங்கும் நடுக்கம். உச்சிக் கவையில் பட்டை பெயர்ந்து விழுந்தது. அதற்குக் கீழே. அதற்கும் கீழே.

கூரை உயரத்தில், வெறும் காற்றில், ரம்பத்தின் அலறலையும் மீறி யாரோ இருமினார்கள்.

அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள்.